மொய் நோட்டும் கெர்னல் பேட்ச்சும்

டிஸ்கி: இது பொட்டி தட்டுறவங்க சமாச்சாரம்தான். ஆனா கவிதை எழுதுறவங்க, சமையல் குறிப்பு போடுறவங்க, சினிமா விமர்சனம் எழுதுறவங்க எல்லாரும் தைரியமா உள்ளே வரலாம். நடுவுல கறி விருந்து உண்டு :-)

நேரா விஷயத்துக்கு வர்றேன். லினக்ஸ் கெர்னலுக்கு, அதுலயும் அதோட நெட்வொர்க் பகுதிக்கு, நம்ம பசங்க பங்களிக்கணும்னு பேச்சை எடுத்தா எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்குறாங்க. "நான் என்னத்தை எழுதுறது?" "அடுத்தவன் எழுதினதை நான் படிச்சுப் பாக்கலாமா?"ன்னு கேக்குற ஆளை நான் இன்னும் சந்திக்கலை. என் கட்சி இதுதான்: அங்கே எழுதுறதுக்கு ஆள் இருக்கு. எழுதினதை உக்காந்து படிச்சு, "தம்பி, இந்த இடம் இடிக்குதே"ன்னு சொல்றதுக்குத்தான் பஞ்சம். நம்ம ஆளுங்க உள்ளே போக வேண்டிய வாசல் அந்த வாசல்தான். ஏன்னு சொல்றேன்.

கெர்னல்னா என்ன, பேட்ச்னா என்ன

தெரிஞ்சவங்க இந்தப் பகுதியைத் தாண்டிப் போயிடுங்க.

உங்க கையில இருக்கற ஆண்ட்ராய்டு போன், வீட்டுல மினுக்கிட்டு இருக்கற வைஃபை பெட்டி, நாம பதிவு போடுற சர்வர், இதுல பெரும்பாலானதுக்கு அடியில ஓடுறது லினக்ஸ் கெர்னல். திருவரங்குளத்துல டீக்கடைக்காரர் ஒட்டி வச்சிருக்கற கட்டத்தை ஸ்கேன் பண்ணி பத்து ரூவா அனுப்பினீங்கன்னா, அந்தத் தகவல் போற வழியில எத்தனை லினக்ஸ் பொட்டிகளைத் தாண்டுதோ! ஒவ்வொண்ணுலயும் அந்தச் சின்னப் பொட்டலத்தை வாங்கி, வரிசையில நிறுத்தி, அடுத்த பக்கம் தள்ளி விடுறது கெர்னலோட நெட்வொர்க் பகுதி.

அதுல ஒரு மாற்றம் செய்யணும்னா, மாத்தின வரிகளை மட்டும் எடுத்து, ஏன் மாத்தினேன்னு காரணம் எழுதி, மின்னஞ்சல்ல எல்லாரும் பாக்கற மாதிரி அனுப்பணும். அதுதான் பேட்ச். யார் வேணா அனுப்பலாம். யார் வேணா கேள்வி கேக்கலாம். அனுப்புறவர் கீழே கையெழுத்து மாதிரி ஒரு வரி போடணும்: இதைத் தர எனக்கு உரிமை இருக்குன்னு. அந்த வழக்கம் 2004-ல வந்துச்சு. லினக்ஸ்ல எங்க நிரலைத் திருடிட்டாங்கன்னு எஸ்சிஓ கம்பெனி கோர்ட்டுக்குப் போன சமயம் அது.

நெட்வொர்க் பகுதிக்குன்னு தனியா சில சாங்கியங்கள் இருக்கு. பழுது நீக்குறதுக்கு ஒரு மரம், புதுசா சேக்கறதுக்கு இன்னொரு மரம். புது வெர்ஷன் கோக்குற சமயத்துல சுமார் 2 வாரம் புதுசு எதையும் வாங்க மாட்டாங்க. கடை சாத்தியாச்சு, அப்புறம் வா! ஒரே மூச்சுல 15 பேட்ச்சுக்கு மேல அனுப்பக் கூடாது. திருத்தின வடிவத்தை 24 மணி நேரம் கழிச்சுத்தான் அனுப்பணும், மத்தவங்க படிக்க நேரம் வேணும்ல. ஃபங்ஷனுக்குள்ள மாறிகளை அறிவிக்கறப்போ நீளமான வரி மேலே, குட்டை வரி கீழே. இதுக்குப் பேரு தலைகீழ் கிறிஸ்துமஸ் மரம். நான் விளையாட்டுக்குச் சொல்லலை, நிஜமாவே அப்படித்தான் சொல்றாங்க.

இதையெல்லாம் பாத்து "சரியான சடங்கு கோஷ்டிப்பா"ன்னு சிலர் ஓடிடுறாங்க. ஆனா சடங்குக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருக்கு. படிக்கற ஆளோட நேரம்தான் அங்கே இருக்கற ஒரே அரிய பொருள். எல்லா விதியும் அதை மிச்சம் பிடிக்கத்தான்.

பந்தி மேலாண்மை

இப்ப ஒரு நிஜக் கதை. நம்ம பக்கத்து மாநிலத்துக் கதை.

மொதல்ல பிரச்சினை. நம்ம பக்கத்துப் பந்தியை நினைச்சுக்கோங்க. இலை போட இடம் நூறு பேருக்கு. வெளியே காத்திருக்கற கொட்டகை ஆயிரம் பேருக்கு. கொட்டகை பெருசா இருக்கே, யாரையும் திருப்பி அனுப்பலையேன்னு வீட்டுக்காரருக்குப் பெருமை. ஆனா கடைசில நிக்கறவருக்குச் சோறு கெடைக்க ரெண்டு மணி நேரம் ஆகுது. அதுக்குள்ள அவர் வெறுத்துப் போயிடுவார். நெட்வொர்க்லயும் இதேதான். பொட்டிகள்ல நினைவகம் மலிவாயிடுச்சுன்னு காத்திருக்கற வரிசையை நீளமா வச்சுட்டாங்க. விளைவு: ஒருத்தர் பெரிய ஃபைல் இறக்கினா அதே வீட்டுல இன்னொருத்தரோட வீடியோ கால் இழுவையா இழுக்கும். 2010, 2011 வாக்குல ஜிம் கெட்டிஸ் இதுக்கு "பஃபர்புளோட்"னு பேர் வச்சு ஊருக்கெல்லாம் சொன்னார். வரிசை ஊதிப் போன வியாதின்னு வச்சுக்கலாம்.

இதுக்கு ஒரு மருந்து "பை". தூக்கிட்டுப் போற பை இல்லைங்க, அது ஒரு வரிசை மேலாண்மை முறை. சிஸ்கோ ஆட்கள் வடிவமைச்சது. வரிசையில எத்தனை பேர் நிக்கறாங்கன்னு அது பாக்காது. எவ்வளவு நேரம் நிக்கறாங்கன்னுதான் பாக்கும். காத்திருக்கற நேரம் கூடக் கூட, வர்றவங்கள்ல சிலரை வாசல்லயே திருப்பி அனுப்பும். திருப்பி அனுப்பினா அனுப்புறவன் "ஓஹோ, அங்க நெரிசல்"னு புரிஞ்சுக்கிட்டு வேகத்தைக் குறைச்சுக்குவான். 2014 மார்ச்ல வந்த லினக்ஸ் 3.14-ல இது சேர்ந்துச்சு. அந்தக் கோப்பைத் திறந்தா தலைமாட்டுல எழுதினவங்க பேர் இருக்கு: விஜய் சுப்ரமணியன், மைதிலி பிரபு. படிச்சதும் ஏதோ பக்கத்துத் தெருவுல கூப்பிடுற பேர் மாதிரி இருந்துச்சு எனக்கு.

அதுக்கப்புறம் 3 வருசம் கழிச்சு, 2017 பிப்ரவரியில, இந்த முறையோட முறையான விவரக் குறிப்பு ஆர்எஃப்சி 8033-ன்னு வெளியாச்சு. அதுக்குள்ள முறை கொஞ்சம் மாறியிருந்துச்சு. ஆனா லினக்ஸ்ல இருந்தது பழைய வரைவுப்படி எழுதினது. யாரும் கண்டுக்கலை.

யார் கண்டாங்கன்னு நினைக்கறீங்க? மங்களூர் பக்கம் சுரத்கல்ல இருக்கற என்ஐடி கர்நாடகா. அங்கே பேராசிரியர் மோஹித் தாஹிலியானியும் அவர் மாணவர்களும் ஒரு பக்கம் ஆர்எஃப்சியையும் இன்னொரு பக்கம் நிரலையும் வச்சு வரி வரியா ஒப்பிட்டாங்க. இலக்குக் காத்திருப்பு நேரம் குறிப்புல 15 மில்லிசெகண்ட், நிரல்ல 20. எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை கணக்குப் போடணும்? குறிப்புல 15, நிரல்ல 30. இப்படி ஒவ்வொண்ணா எடுத்து, ஒரு மாற்றத்துக்கு ஒரு பேட்ச்னு அனுப்பினாங்க. 2019 மே மாசம் வந்த லினக்ஸ் 5.1-ல எல்லாம் சேர்ந்துச்சு.

இதுல நான் அடிக்கோடு போட விரும்புறது ஒரு விஷயம். அவங்க முதல்ல செஞ்சது புதுசா எழுதறது இல்லை. ஏற்கெனவே இருந்ததைப் படிச்சது. தாளுக்கும் நிரலுக்கும் வித்தியாசம் இருக்கான்னு பாத்தது. இதுக்கு மேதாவித்தனம் வேண்டியதில்லை. கண்ணும் பொறுமையும் வேணும். இது எந்த ஊர்க் கல்லூரியிலயும் நடக்கக் கூடிய காரியம்.

அந்தப் படிப்பு கொடுத்த தெம்புலதான் அடுத்து பெருசா ஒண்ணு செஞ்சாங்க. "பை"யோட, ஒவ்வொரு தொடர்புக்கும் தனி வரிசை குடுக்கற ஏற்பாட்டையும் சேர்த்து "எஃப்க்யூ-பை". பந்திக் கணக்குல சொன்னா, ஒரே வேன்ல அறுபது பேரா வந்து இறங்கற குடும்பம் மத்தவங்க சோத்தை மறைக்கக் கூடாதுன்னு குடும்பத்துக்கு ஒரு வரிசை. பேட்ச் போச்சு, கேள்விகள் வந்துச்சு, திருத்தினாங்க, மறுபடி கேள்விகள், மறுபடி திருத்தம். கடைசியா 2020 மார்ச் 29-ல வெளியான லினக்ஸ் 5.6-ல இடம் பிடிச்சுது.

1024-ம் நம்பர் டேபிள்

இங்கே "வாழ்க, வளர்க"ன்னு முடிச்சிருந்தா இது வழக்கமான பெருமைப் பதிவு ஆகியிருக்கும். கதை அதோட முடியலை.

எஃப்க்யூ-பைல வழக்கமா 1024 வரிசைகள். சி மொழியில எண்ணிக்கை 0-ல ஆரம்பிக்கும். அதனால வரிசை நம்பர் 0 முதல் 1023 வரை. ஆனா வர்ற பொட்டலத்தை எந்த வரிசைக்கு அனுப்பறதுன்னு முடிவு பண்ற ஃபங்ஷன் 1 முதல் 1024 வரை நம்பர் தரும். 0-ன்னா "இவருக்கு வரிசை கிடையாது"ன்னு அர்த்தம். அந்த நம்பரை அப்படியே எடுத்து வரிசையைத் தேடினா, 1024-ம் நம்பர் டோக்கன் வாங்கினவர் எங்க உக்காருவார்? டேபிளே இல்லாத இடத்துல! அதாவது வேற யாரோ வச்சிருக்கற நினைவகத்துல போய் எழுதும்.

ஒரே ஒரு கழித்தல் குறை. இதை ரெட் ஹேட்ல இருக்கற டேவிடே கராட்டி 2021 மே மாசம் திருத்தினார். அதே வருசம் டிசம்பர்ல, வரிசையைக் கலைக்கறப்ப வேற ஒரு குறை இருக்குன்னு கூகிள்ல இருக்கற எரிக் டுமாசே இன்னொண்ணு திருத்தினார்.

இதைச் சொல்றது அந்த மாணவர்களைக் குத்தம் சொல்ல இல்லை. அந்த பேட்ச்சை உலகத்துலயே இந்த விஷயத்தை நல்லாத் தெரிஞ்ச ஆட்கள்தான் பாத்தாங்க. அவங்க கண்ணுலயும் படாமப் போச்சு. காரணம் எளிசு. பெரிய ஆட்கள் பெரிய கேள்வி கேப்பாங்க. இந்த முறை சரியா, வேகம் எப்படி, மத்த நிரலோட ஒட்டுமான்னு. "கடைசி டேபிளுக்கு நம்பர் என்ன?"ங்கற கேள்வியை ஒரு ரெண்டாம் வருச மாணவன் கேட்டிருக்கலாம். கேக்க ஆள் இல்லை.

8 பைட்டு, 10 வருசம்

இது சின்ன விஷயம், எங்கேயோ மூலையில இருக்கற வரிசைதானேன்னு நினைக்கறவங்களுக்கு இன்னொரு கதை.

2019 ஜூன் 17. நெட்ஃபிளிக்ஸ்ல வேலை பாக்கற ஜொனாதன் லூனி ஒரு ஓட்டையை வெளியே சொன்னார். "சாக் பேனிக்"னு பேர். தொலைவுல உக்காந்து, லாகின் எதுவும் இல்லாம, திட்டம் போட்டுக் கோத்த சில பொட்டலங்களை அனுப்பினா எதிர்ல இருக்கற லினக்ஸ் சர்வர் அப்படியே மல்லாக்க விழும்.

கணக்கு என்னன்னா: ஒரு பெரிய பொட்டலத்தை எத்தனை துண்டா வெட்டினோம்னு எண்ண 16 பிட் இடம் ஒதுக்கியிருந்தாங்க. அதுல அதிகபட்சம் 65,535 வரை எண்ணலாம். வழக்கமா அவ்வளவு துண்டு வராது. ஆனா எதிராளி வேணும்னே "எனக்குச் சின்னத் துண்டா அனுப்பு"ன்னு கேட்டா, குறைஞ்சபட்ச துண்டு 48 பைட். அதுல 40 பைட் மேலதிகத் தகவலுக்குப் போயிடும். மிச்சம் 8 பைட். ஒரு பொட்டலத்துல 17 பகுதி, ஒவ்வொண்ணும் 32 கேபி வரை. பெருக்கி 8-ஆல வகுத்துப் பாருங்க. 69,632. எண்ணுற இடத்தைத் தாண்டிடுச்சு! கெர்னல் "இது நடக்கவே கூடாதே"ன்னு பயந்து கடையைச் சாத்திடும்.

அந்த நிரல் 2009-ல வந்த 2.6.29 வெர்ஷன்லேர்ந்து இருந்துச்சு. பத்து வருசம். எத்தனை பேங்க், எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை ரயில்வே சர்வர் அது மேல ஓடிச்சோ. "நிறைய கண்ணு பாத்தா எந்தப் பிழையும் ஒளிய முடியாது"ன்னு திறமூல ஆட்கள் பெருமையா சொல்லுவாங்க. கண்ணு இருந்துச்சு, சரி. பாத்துச்சா? நிரலைத் திறந்து வச்சா மட்டும் யாரும் படிச்சுட மாட்டாங்க. நூலகத்துல புத்தகம் இருக்கறதும், அதை ஒருத்தர் எடுத்துப் படிக்கறதும் ஒண்ணா?

இங்கே தேவைப்பட்டதும் அதே மாதிரி கேள்விதான். "இந்த எண்ணிக்கை எவ்வளவு பெருசாகும்? வேணும்னே ஒருத்தன் பெருசாக்கினா?" எட்டாங்கிளாஸ் பெருக்கல் வகுத்தல்.

ஒரே சரக்கு, ரெண்டு கடை

சரிபார்ப்பு எவ்வளவு முக்கியம்னு ஒரு நேரடி ஒப்பீடு வேணும்னா வயர்கார்டு கதையை எடுத்துக்கலாம். இது ஒரு விபிஎன். ரொம்பக் கச்சிதமான நிரல்னு பேரெடுத்தது.

ஜேசன் டோனன்ஃபெல்ட் இதை லினக்ஸுக்கு முறைப்படி அனுப்பினது 2018 ஜூலை கடைசியில. அடுத்த சில நாள்லயே லினஸ் டோர்வால்ட்ஸே வெளிப்படையாப் பாராட்டிட்டார். நம்ம ஊரா இருந்தா பெரியவர் சொல்லிட்டார்னு அன்னைக்கே சேத்திருப்போம். அங்கே சேக்கலை. அவர் கூடவே ஒரு புது மறையாக்க நூலகத்தையும் கொண்டு வந்தார். "ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, அது பக்கத்துல இன்னொண்ணு எதுக்கு?"ன்னு அந்தப் பகுதியைப் பாத்துக்கறவங்க ஒத்துக்கலை. ஒரு வருசத்துக்கு மேல இழுபறி. 2019-ல டோனன்ஃபெல்ட் இறங்கி வந்தார், அவங்களும் பழைய நூலகத்தைச் சரி பண்ணிக் குடுத்தாங்க. கடைசியா சேர்ந்தது எந்த வெர்ஷன் தெரியுமா? அதே 5.6! லினஸே புகழ்ந்த வயர்கார்டும், சுரத்கல் மாணவர்களோட எஃப்க்யூ-பையும் ஒரே பஸ்ல ஏறியிருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச தகவல் இது.

இப்ப அடுத்த கடை. ஃப்ரீபிஎஸ்டிங்கற இன்னொரு இயங்குதளத்துக்கும் வயர்கார்டு வேணும்னு ஒரு கம்பெனி காசு குடுத்து எழுத வச்சாங்க. 2020 கடைசியில அது போதுமான சரிபார்ப்பு இல்லாம உள்ளே போயிடுச்சு. 2021 மார்ச்ல டோனன்ஃபெல்டும் வேற ரெண்டு பேரும் உக்காந்து பாத்தா, சரிபார்க்க வேண்டிய ஃபங்ஷன் எதையும் பாக்காம "சரி"ன்னு மட்டும் சொல்லிட்டிருக்கு. ரெண்டு வேலை மோதிக்கற இடத்துல கொஞ்ச நேரம் தூங்க வச்சு ஒப்பேத்தியிருக்கு. ஒரு வாரம் ராப்பகலா திருத்தி எழுதினாங்க. கடைசியில, அவசரப்பட வேணாம்னு 13.0 வெளியாகறதுக்கு முன்னாடி அதைத் தூக்கியே போட்டாங்க. பின்னாடி நிதானமா திருத்தி மறுபடி கொண்டு வந்தாங்க.

எங்க ஊர்லேர்ந்து ஆலங்குடி போற வழியில வம்பன்ல தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் இருக்கு. வம்பன் 8, வம்பன் 11-ன்னு உளுந்து ரகங்கள் அங்கேர்ந்துதான் வந்துச்சு. ஒரு ரகம் ஆராய்ச்சிப் பண்ணையில நல்லா விளைஞ்சா மட்டும் பத்தாது. பல ஊர், பல பருவம், விவசாயியோட வயல்னு விளைய வச்சுப் பாத்துட்டுத்தான் வெளியிடுவாங்க. மஞ்சள் தேமல் வந்தா தாங்குமான்னு பாக்காம விதையைக் கையில குடுத்தா என்ன ஆகும்னு எங்க ஊர் விவசாயிகிட்ட கேளுங்க. தாமதம் ஆகுதேன்னு அவர் ஒரு நாளும் சொல்ல மாட்டார்.

இப்ப கறி விருந்து

சொன்னேன்ல, வந்தாச்சு!

எங்க பக்கம், கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி சுத்துவட்டாரத்துல ஆடி மாசம்னா மொய் விருந்து. வெளியூர்ப் பதிவர்களுக்காக: கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாம, மொய் வாங்கறதுக்குன்னே நாலைஞ்சு பேர் சேந்து பத்திரிகை அடிச்சு கறி விருந்து போடுவாங்க. வர்றவங்க சாப்பிட்டு மொய் எழுதுவாங்க. நோட்டுல பேர், ஊர், தொகை எல்லாம் ஏறும். அதை வச்சு ஒருத்தர் தோப்பு வாங்குவார், இன்னொருத்தர் கடை போடுவார். ஆனா அது இனாம் இல்லை. எனக்குச் செஞ்சவர் விருந்து வைக்கறப்ப நான் போய், வாங்கினதோட கொஞ்சம் சேத்துச் செய்யணும். வாங்கிட்டுத் திருப்பிச் செய்யாதவர் அடுத்து விருந்து வச்சா, இலை காலியாக் கெடக்கும்.

பேட்ச் சரிபார்ப்பும் அச்சு அசல் இதுதான். என் பேட்ச்சை நாலு பேர் நேரம் செலவழிச்சுப் படிச்சா, அது அவங்க எனக்கு எழுதின மொய். நான் நாலு பேரோடதைப் படிக்கணும். எல்லாரும் அனுப்பிக்கிட்டே இருந்து யாரும் படிக்கலேன்னா, ரெண்டு மூணு பராமரிப்பாளர் தலையிலதான் மொத்தமும் விழும். அவங்களும் மனுசங்கதானே? டேவிட் மில்லர் பல வருசம் கிட்டத்தட்டத் தனியாவே இந்த நெட்வொர்க் பகுதியைத் தூக்கிச் சுமந்தார். அப்புறம்தான் யாகுப் கிசின்ஸ்கி, பாவ்லோ அபேனின்னு ஆட்கள் சேந்தாங்க.

இதுல சுவாரசியம் என்னன்னா, கிசின்ஸ்கி நிஜமாவே மொய் நோட்டு போட ஆரம்பிச்சுட்டார்! ஒவ்வொரு வெர்ஷன் முடிஞ்சதும் ஒரு கணக்கு வெளியிடுறார். யார் எத்தனை பேட்ச் அனுப்பினாங்க, யார் எத்தனை படிச்சாங்க, எந்தக் கம்பெனி வாங்கினதை விட அதிகமாச் செஞ்சிருக்கு, எது செய்யாம இருக்கு. செய்யாத கம்பெனிக்கு மைனஸ்ல மதிப்பெண். பொதுவுல. எங்க ஊர் மொய் நோட்டைக் கூட இப்படி மைக் போட்டுப் படிக்க மாட்டாங்க, ஹி ஹி.

நமக்கு என்ன தடுக்குது?

இப்ப நம்ம கதைக்கு வருவோம். தமிழ்நாட்டுல பொறியியல் கல்லூரிக்குப் பஞ்சமா, பொட்டி தட்டுறவங்களுக்குப் பஞ்சமா? சாஃப்ட்வேர் கம்பெனி இல்லாத நகரத்தைத் தேடணும். ஆனா பொதுவுல உக்காந்து அடுத்தவர் நிரலைப் படிச்சுக் கேள்வி கேக்கற பழக்கம் நம்மகிட்ட ஏன் வளரலை?

என் கணிப்பு: நமக்குக் குறை சொல்றதுன்னா ஆளைக் குறை சொல்றது. கல்லூரி வைவாவுல கேள்வி கேக்கறவர் மார்க் போடுறவர் மட்டும்தான். கூடப் படிக்கறவன் எழுந்து "உன் ப்ராஜெக்ட்ல இந்த இடம் புரியலையே"ன்னு கேட்டா அன்னையோட ஃப்ரெண்ட்ஷிப் கட். ஆபீஸ்ல மேனேஜர் எழுதினதுல ஓட்டை இருந்தா மெதுவா நழுவிடுவோம். ஏன், நம்ம பதிவுலகத்துல மட்டும் என்ன வாழுது? "சூப்பர் தல", "கலக்கிட்டீங்க", "மீ த ஃபர்ஸ்ட்டு". எத்தனை பின்னூட்டம் பதிவோட மூணாவது பத்தியைத் தொட்டுப் பேசியிருக்கு, மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க :-)

கெர்னல் பக்கம் "பாத்தேன், சரியாருக்கு"ங்கறதுக்கே ஒரு பொறுப்பு இருக்கு. ஒருத்தர் பேட்ச்சுல "சரிபார்த்தவர்"னு பேர் போட்டா, நான் தொழில்நுட்ப ரீதியாப் படிச்சேன், எனக்கிருந்த சந்தேகத்தைக் கேட்டேன், பதில் திருப்தி, இது உள்ளே போகத் தகுதியானதுன்னு நம்பறேன்னு அர்த்தம். அது கெர்னல் வரலாற்றுல நிரந்தரமா இருக்கும். நாளைக்கு அதுல பிழை வந்தா உங்க பேரும் அங்கே நிக்கும். "சூப்பர் தல" மாதிரி காத்துல போற பாராட்டு இல்லை.

சில எதிர்வாதங்கள் வரும், நானே எடுத்துடறேன்.

"இங்கிலீஷ் வராது." சரிபார்ப்புக்கு வேண்டிய இங்கிலீஷ் ரொம்பக் கம்மி. இந்த எண் பூஜ்ஜியமானா என்ன ஆகும், இந்தப் பூட்டை இங்கே யார் திறப்பாங்க. ரெண்டு வரி. உலகம் பூரா அரைகுறை இங்கிலீஷ்லதான் அங்கே பேசிக்கறாங்க.

"கடிச்சுக் குதறுவாங்க." இருந்துச்சு, ஒத்துக்கறேன். 2018 செப்டம்பர்ல லினஸே தன் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டு கொஞ்ச நாள் ஒதுங்கி இருந்தார். நடத்தை விதிகளும் அப்பதான் வந்துச்சு. அதுக்காக இப்ப கொஞ்சுவாங்கன்னு நினைக்காதீங்க. நிரலைக் கிழிப்பாங்க, அதைத் தாங்கிக்கத்தான் வேணும். ஆனா சரிபாக்கப் போறவருக்கு ஒரு வசதி இருக்கு: கிழிபடறது உங்க நிரல் இல்லை :-)

"நம்பிக்கைதானே முக்கியம், சந்தேகப்பட்டுக்கிட்டே இருந்தா?" 2021-ல மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர், ஓட்டை உள்ள பேட்ச்சை வேணும்னே அனுப்பினா கண்டுபிடிக்கறாங்களான்னு சோதிச்சுப் பாத்ததா விவகாரம் வெடிச்சுது. அந்தப் பல்கலைக்கழகத்துலேர்ந்து எதுவும் வாங்க மாட்டோம்னு கிரெக் குரோவா-ஹார்ட்மன் சொல்லிட்டார். பழைய பேட்ச்சுகளையெல்லாம் மறுபடி பிரிச்சுப் பாக்க வேண்டியதாப் போச்சு. நம்பிக்கை வேணும்தான். ஆனா படிச்சுப் பாத்து வர்ற நம்பிக்கைதான் நிக்கும்.

"இதுல எனக்கு என்ன லாபம்?" நியாயமான கேள்வி. எழுத்துப் பிழை திருத்தி ஒரு பேட்ச் அனுப்பி ரெஸ்யூம்ல "கெர்னல் பங்களிப்பாளர்"னு போட்டுக்கறவங்க இருக்காங்க. அது நாலு நாள் மினுமினுக்கும். ஆறு மாசம் அடுத்தவங்க பேட்ச்சையும் அதுக்கு வர்ற கேள்விகளையும் படிச்ச ஆளுக்கு டிசிபி எப்படி மூச்சு விடுதுன்னு தெரிஞ்சிருக்கும். அதை எந்த கோச்சிங் சென்டரும் சொல்லித் தராது. அதோட, இப்ப மெஷினே நிமிசத்துல பக்கம் பக்கமா நிரல் எழுதித் தள்ளுது. எழுதறது மலிவாக ஆக, படிச்சு "இது தேறாது"ன்னு சொல்லத் தெரிஞ்ச ஆளுக்கு மதிப்பு ஏறத்தான் செய்யும்.

எங்கே ஆரம்பிக்கலாம்?

பெரிய பட்டியல் எல்லாம் போடலை. இவ்வளவு போதும்:

1. ஒரு சின்ன பேட்ச்சை எடுத்து உங்க பொட்டியில ஒட்டி, கம்பைல் பண்ணி ஓட்டிப் பாருங்க. கெர்னலோடயே நெட்வொர்க் சோதனைகள் வருது, அதை ஓட்டுங்க. ஓடுச்சுன்னா எதுல, எப்படி ஓட்டினேன்னு எழுதுங்க. "சோதித்தவர்"னு போடறதுக்கும் அங்கே மரியாதை உண்டு.

2. மாற்றத்துக்குக் காரணம் எழுதியிருக்கான்னு பாருங்க. என்ன மாத்தினேன்னு நிரலே சொல்லும். ஏன் மாத்தினேன்னு மனுசன்தான் சொல்லணும்.

3. எல்லைகளைக் கேளுங்க. பூஜ்ஜியம் வந்தா? அதிகபட்சம் வந்தா? கடைசி டேபிளுக்கு நம்பர் என்ன?

4. பாதியில தோத்துப் போற வழியைப் படிங்க. நினைவகம் கெடைக்கலேன்னா ஏற்கெனவே வாங்கினதைத் திருப்பித் தந்தாங்களா? பூட்டைத் திறந்தாங்களா? எல்லாரும் ஜெயிக்கற வழியைத்தான் படிக்கறாங்க.

5. ஆர்எஃப்சியைப் பக்கத்துல வச்சு ஒப்பிடுங்க. சுரத்கல் வழி.

கல்லூரியில வேலை பாக்கற பதிவர்கள் யாராவது இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். கடைசி வருச ப்ராஜெக்ட்டுக்கு நூறாவது தடவையா "நூலக மேலாண்மை" செய்ய வைக்கறதுக்குப் பதிலா, நாலு பசங்களுக்கு ஒரு கெர்னல் கோப்பையும் அதோட ஆர்எஃப்சியையும் குடுத்து, வித்தியாசம் கண்டுபிடிச்சுட்டு வாங்கன்னு சொல்லுங்க. எதுவும் கண்டுபிடிக்கலேன்னாலும் பரவால்லை. எப்படித் தேடினாங்கன்னு எழுதச் சொல்லி அதுக்கு மார்க் போடுங்க.

பல வருசமா ஓசியில வாங்கித் தின்னுட்டு இருக்கோம். போன்ல, சர்வர்ல, சம்பளத்துல. நோட்டுல நம்ம பேருக்கு எதிர்ல என்ன எழுதியிருக்குன்னு ஒரு நாள் யாராவது கேப்பாங்க.

இந்தப் பதிவுலயும் ஓட்டை இருந்தா சொல்லுங்க. "சூப்பர் தல" போட்டா பதில் கிடையாது!

பி.கு: "பை"யைப் பத்திக் கேட்டு "மஞ்சப் பையா?"ன்னு கிண்டலடிக்கப் போற நண்பர்களுக்கு முன்கூட்டியே வணக்கம்.